பகாவ் பக்கம் பிள்ளைக்கு கேம் செட் வாங்கப் போகிறீர்களா? அந்த "இலவச 128 ஜிபி" கார்டைப் பாருங்கள்

தீபாவளி போனஸ் வந்த கையோடு நம் நெகிரி செம்பிலான் பகாவ் டவுனில் ஒரு கைப்பேசிக் கடையில் என் மகனுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் லைட் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி வாங்கினேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர்கள் அதற்கு ஒரு வழக்குப் பேசுவார்கள், எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ஆனால் இதே வியாபாரத்தை ஒரே கடைதான் செய்கிறது என்று நான் நம்பவில்லை. கோலாப்பிலா, ரொம்பின் பக்கம் இருப்பவர்களும் படித்து வையுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கருவி அசல்தான். அதில் ஒரு குறையும் இல்லை. அதோடு "ஃப்ரீ" என்று வந்த மெமரி கார்டுதான் போலி.

கார்டு இல்லாமல் விளையாட முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், கொஞ்ச காலத்துக்கு. ஸ்விட்ச் லைட்டின் உள்ளே இருப்பது 32 ஜிபி. அதில் கருவி தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்டது போக, நம் கைக்கு மிஞ்சுவது சுமார் 26. மாரியோ கார்ட் 8 ஒன்றே 7 ஜிபி அளவுக்கு இடம் பிடிக்கும். பெரிய விளையாட்டுகள் 16, 18 ஜிபி என்று போகும். மூன்று, நான்கு போட்டால் வீடு நிறைந்துவிடும். விளையாட்டைக் கடையில் கேசட்டாக வாங்கினால் இடம் மிச்சம் என்று நினைக்கிறவர்கள் பெட்டியின் முன்பக்கத்தைப் படியுங்கள். சில விளையாட்டுகளில் கேசட்டுக்குள் பாதிதான் இருக்கும், மீதியை இணையத்தில் இறக்க வேண்டும். அதைப் பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள், சின்ன எழுத்தில்.

கடைத் தம்பிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தது. "அக்கா, இந்த 32 பத்தவே பத்தாது. அதான் நாங்க 128 போட்டு செட்டா தர்றோம். பையன் கல்யாணம் வரைக்கும் விளையாடலாம்" என்றான். வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பியிருந்த விளம்பரத்திலும் அப்படியே இருந்தது: வெறும் கருவி 870 ரிங்கிட், 128 ஜிபி கார்டு, பை, திரை ஒட்டி எல்லாம் சேர்ந்த செட் 990 ரிங்கிட், கார்டு இலவசம். 120 வெள்ளியைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு எதை இலவசம் என்கிறார்களோ, அந்தக் கணக்கு அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

முதல் விளையாட்டு நன்றாகவே ஓடியது. இந்தப் போலி கார்டுகளின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. உள்ளே இருப்பது 8 ஜிபி சில்லு. ஆனால் கார்டைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் கைவைத்து, யார் கேட்டாலும் "நான் 128" என்று சொல்லும்படி செய்திருப்பார்கள். கருவியும் நம்பும், கணினியும் நம்பும். 8 ஜிபி நிறையும் வரை ஒரு வம்பும் இல்லை. அதற்குமேல் எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே போய் விழும். எழுதும்போது "முடிந்தது" என்றுதான் காட்டும். திறக்கும்போதுதான் தெரியும்.

இரண்டாவது விளையாட்டை இறக்கியதும் "தரவு பழுதாகிவிட்டது" என்ற அர்த்தத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அழித்து மறுபடி இறக்கினோம். மறுபடி அதே. எங்கள் தோட்டத்து வீட்டில் ஃபைபர் கிடையாது, என் வீட்டுக்காரரின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்தான் எல்லாம். ஒவ்வொரு தடவையும் ஜிபி கணக்கில் டேட்டா கரைகிறது. மாதக் கோட்டா பாதி மாதத்திலேயே முடிந்து, தனியாக டாப்அப் போட்டதும் இந்தக் கார்டு வைத்த செலவுதான். அதை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

ஒரே ஆறுதல், பையன் விளையாடிச் சேர்த்து வைத்த கட்டங்கள் போகவில்லை. ஸ்விட்ச்சில் சேவ் செய்வது கார்டுக்குப் போகாது, கருவியின் உள்நினைவகத்திலேயே தங்கும். விளையாட்டையே அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இது தெரியாமல் அவன் அன்றைக்கு அழுத அழுகை இருக்கிறதே!

அக்காள் மகன் போலிடெக்னிக்கில் படிக்கிறான். கார்டைக் கையில் வாங்கியதுமே திருப்பிப் பார்த்தான். முன்பக்கம் பிரபல பிராண்டின் பெயர், ஆனால் எழுத்தின் ஓரம் மை கசிந்த மாதிரி. பின்பக்கம் மொட்டை: எண்ணும் இல்லை, எந்த நாட்டில் செய்தது என்றும் இல்லை. அப்புறம் மடிக்கணினியில் போட்டு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலியை ஓட விட்டான். கார்டில் உள்ளதை முதலில் நாமே அழித்துவிட வேண்டும், அப்புறம் அது கடைசி மூலை வரைக்கும் எதையாவது எழுதி நிரப்பும். பிறகு எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் திரையில் சிவப்பு எழுத்து: ஏழு ஜிபி சொச்சம் சரி, மிச்சமெல்லாம் தொலைந்தது. அதை அப்படியே படமெடுத்து வைத்துக்கொண்டோம்.

இங்கே ஒன்று. அசலான 128 ஜிபி கார்டைப் போட்டாலும் கருவி 119 என்றுதான் காட்டும். அது ஏமாற்று இல்லை. கார்டு செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கருவி 1024 கணக்கில் எண்ணுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 119 என்று பார்த்ததும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, கடைக்குப் போனோம். தம்பி முகம் மாறிவிட்டது. "அக்கா, கார்டு ஃப்ரீதானே. ஃப்ரீக்கு வாரண்டி இல்ல." மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருந்த அட்டையை வேறு காட்டினான்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, மலாயில், கொட்டை எழுத்தில். செட்டையே எடுத்துக்கொள் என்றால், பெட்டி திறந்தாகிவிட்டதாம். திறக்காமல் எப்படியப்பா கார்டைப் போட்டுப் பார்ப்பது? ரசீதில் "கேம் செட் 1 – 990" என்று மட்டும் கிறுக்கியிருந்தார்கள். 128 என்ற சொல்லே இல்லை. கடைசியில் அதே டப்பாவிலிருந்து இன்னொரு கார்டை எடுத்து நீட்டினான். அதன் முதுகும் மொட்டை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்து ஆபீசில் வேலை செய்யும் ஓர் அண்ணன் முன்பு ஒரு துணி துவைக்கும் இயந்திரத்துக்காகத் திரிபியூனல் வரை போனவர். அவர்தான் வழி சொன்னார். அந்த அட்டைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் சொன்ன வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்று உத்தரவாதம் தருகிறது. அந்த உத்தரவாதத்தை ஓர் அறிவிப்பை ஒட்டிக் கடைக்காரர் ரத்து செய்ய முடியாது. இலவசம் என்று சொல்லிவிட்டுச் சொன்னபடி கொடுக்காமல் இருப்பதற்கும் அதே சட்டத்தில் 14ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் ஒன்று: மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் இந்தச் சட்டம் துணைக்கு வராது. பொருளில் குறை இருக்க வேண்டும், அல்லது சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்றாக இருக்க வேண்டும். குறையைக் கண்டதும் சீக்கிரம் சொல்லிவிடவும் வேண்டும், மாதக்கணக்கில் வைத்திருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும்.

திரிபியூனல் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பாரத்தை இணையத்திலேயே நிரப்பலாம். அதற்காகப் புக்கிட் பூத்துஸ் மலையேறி சிரம்பானுக்குப் போக வேண்டியதில்லை. விசாரணைக்கு அழைத்தால்தான் அந்தப் பயணம். எனக்குக் கைகொடுத்தது ரசீது இல்லை, அந்த வாட்ஸ்அப் விளம்பரம்தான். 870, 990, 128 ஜிபி மூன்றும் அவர்கள் வாயாலேயே அதில் இருந்தன. விளம்பரத்தை அழிக்காமல் வைத்திருங்கள் என்று நான் இதைப் படிக்கும் எல்லாரிடமும் சொல்வேன்.

நான் நிரப்பி அனுப்பிய பாரத்தின் நகல் கடைக்குப் போனதும் முதலாளியே கூப்பிட்டார். அதுவரை "அக்கா" இருந்த இடத்தில் திடீரென்று "மேடம்". விசாரணைக்கு முன்பே 120 ரிங்கிட் திரும்பி வந்தது. நல்லெண்ணத்தில் கொடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கார்டு போலி என்பதால் கொடுத்ததாக எழுதுங்கள், போடுகிறேன் என்றேன். கையெழுத்தில்லாமலேயே காசு வந்தது. டேட்டாவுக்குப் போன காசு போனதுதான்.

இப்போது ஸ்விட்ச் 2 வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. அதன் உள்ளேயே 256 ஜிபி உண்டு. ஆனால் கூடுதல் இடம் வேண்டுமென்றால் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வகைக் கார்டுதான் வேண்டும், பழைய கார்டில் விளையாட்டை ஏற்ற முடியாது. "மெமரி கார்டு சேர்த்து" என்று யாராவது செட் விற்றால், எந்த வகை, எத்தனை ஜிபி என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வெறும் கருவியை மட்டும் வாங்கிக்கொண்டு, கார்டை வேறு இடத்தில் பாருங்கள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். அதே கண்ணாடி அலமாரி, அதே செட். இப்போது "256 ஜிபி இலவசம்" என்று போட்டிருக்கிறார்கள். யாராவது அதை வாங்கியிருந்தால் கார்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், அக்காள் மகன் சோதித்துத் தருவான். அவனுக்கு விடுமுறை முடியப் போகிறது, இந்த வாரத்துக்குள் வந்தால் நல்லது.