இருபக்க டை: ஓராண்டு கட்டிய பிறகு எது நிற்கிறது, எது பிரிகிறது

ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் மெரூன். புரட்டிக் கட்டினால் இன்னொரு டை என்று சொல்லித்தான் கடையில் விற்கிறார்கள். வாரத்தில் நான்கைந்து நாள் டை கட்ட வேண்டிய வேலையில் இருப்பவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியோ ஹோட்டல் முன்வரிசை ஊழியரோ, ஓராண்டு கட்டினால் கணக்கு வேறாக வரும். இரண்டு டை தரும் ஆயுளை இது தருவதில்லை. முடிச்சு விழும் இடம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றேதான். கழுத்து வேர்வை படும் இடமும் ஒன்றேதான். ஒரு பக்கம் களைத்தால் மறுபக்கமும் கூடவே களைக்கும். பயணப் பெட்டியில் இடம் மிச்சமாகும். மதியச் சாப்பாட்டில் சாம்பார் தெறித்தால் மாலைக் கூட்டத்துக்குப் புரட்டிக் கட்டலாம். நிஜமான லாபம் இவ்வளவுதான். அதற்காக வாங்கினால் நல்ல பொருள். ஆனால் அந்த லாபமும் தைத்த விதத்தைப் பொறுத்தது.

முதலில் சாதாரண டையைப் பார்க்க வேண்டும். துணியைக் கிராஸாக, அதாவது பாவுக்கும் ஊடைக்கும் 45 டிகிரியில் வெட்டி, இரு ஓரங்களையும் பின்பக்கம் மடித்து, நடுவில் ஒரே ஒரு கைத்தையலால் பிடிப்பார்கள். அந்தத் தையல் வேண்டுமென்றே தளர்வாக இருக்கும். டையை இழுக்கும்போது நூல் உள்ளே நழுவி, பிறகு பழைய இடத்துக்கு வரும். ஓரங்களில் தையலே கிடையாது, உருண்ட மடிப்பு மட்டும். மூன்று துண்டாகக் கிராஸில் வெட்டும் இந்த முறையை நியூயார்க்கின் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் 1920களில் காப்புரிமை பெற்று நிலைநாட்டினார். இன்றைக்கும் பெரும்பாலான டைகள் அப்படித்தான் தைக்கப்படுகின்றன.

இருபக்க டையில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. பின்பக்கம் என்று ஒன்று இல்லாததால் நடுத்தையலுக்கு இடமில்லை. இரண்டு முகத் துணிகளையும் நல்ல பக்கம் உள்ளே வைத்து இரு ஓரத்திலும் தைத்து, பிறகு புரட்டி வெளியே எடுக்க வேண்டும். ஆக நடுவில் இருந்த கனம் ஓரத்துக்கு வருகிறது, உருண்ட மடிப்பு இருந்த இடத்தில் தையல் வருகிறது. இந்த டையில் நடக்கும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு மாற்றத்திலிருந்து பிறப்பவை.

அடிக்கடி வரும் கோளாறு ஓரத்தில் நூல் அறுவது. கிராஸில் வெட்டிய துணி நீளவாக்கில் இழுபடும், சாதாரண மெஷின் நேர்தையல் இழுபடாது. முடிச்சை இறுக்கும் ஒவ்வொரு தடவையும் துணி நீள, நூல் நீள மறுக்கும். சில மாதத்தில் முடிச்சுப் பகுதியில் எங்காவது பட்டென்று விடும். மிக ஒடுங்கிய ஜிக்ஜாக் போட்டால் தீரும்: அகலம் அரை மில்லிமீட்டர், நீளம் இரண்டரை மில்லிமீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் நேர்தையல் போலவே தெரியும், இழுத்தால் கொடுக்கும். நூல் பாலியஸ்டராகவோ பட்டாகவோ இருக்கட்டும். பருத்தி நூல் இந்த வேலைக்கு ஆகாது. வாங்கும்போதே சோதிக்கலாம். டையின் நடுப்பகுதியில் ஒரு சாண் அளவைப் பிடித்து மெதுவாக இழுங்கள். நெறுநெறுவென்று சத்தம் கேட்டால் திரும்ப மாட்டி வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது முறுக்கு. கழுத்துப் பகுதியை ஒரு விரலில் தொங்கவிட்டால் இரு முனைகளும் நேராகத் தொங்க வேண்டும். ஏதாவது ஒன்று தானாகத் திரும்பினால் காரணம் இரண்டில் ஒன்று. துணியைச் சரியான 45 டிகிரியில் வெட்டாமல் இருந்திருக்கலாம். அல்லது தைத்தவர் ஒரு ஓரத்தை மேலிருந்து கீழாகவும் மறு ஓரத்தைக் கீழிருந்து மேலாகவும் ஓட்டியிருப்பார். மெஷினில் அடித்துணியைப் பற்கள் இழுத்துப்போகும், மேல்துணி சற்றுப் பின்தங்கும். எதிரெதிர்த் திசையில் தைத்தால் அந்தப் பின்தங்கல் ஒரு ஓரத்தில் மேலும் மறு ஓரத்தில் கீழுமாகச் சேர்ந்து டையை முறுக்கிவிடும். இரு ஓரத்தையும் பெரிய முனையின் கூரிலிருந்தே தொடங்கி ஒரே திசையில் தைக்க வேண்டும். அதற்கு முன் கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொள்வது கட்டாயம். பட்டு வழுக்கினால் அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்துவிடலாம். முறுகிய டையை எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் நேராகாது.

துணித் தேர்வில் பலர் சறுக்குவது, இரண்டு பக்கமும் "வித்தியாசமாக" இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் வழவழப்பான சாட்டினும் மறுபக்கம் தறியிலேயே டிசைன் நெய்த கனத்த ஜக்கார்டும் வைப்பதில்தான். கிராஸ் துண்டு தன் எடையாலேயே கீழே இறங்கும், ஒவ்வொரு நெசவும் ஒவ்வொரு அளவு இறங்கும். சில மாதம் தொங்கியதும் அதிகம் இறங்கிய பக்கம் ஓரத்தில் சுருங்கிக் கொப்பளித்து நிற்கும். இரு பக்கத் துணியும் ஒன்றாகவும் அச்சு மட்டும் வேறாகவும் இருப்பதே பாதுகாப்பு. சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம் எடையுள்ள அச்சுப் பட்டு ட்வில் (சாய்வரி நெசவு) இரண்டு பக்கமும் இருந்தால் முடிச்சு அளவாக வரும். வெட்டிய துண்டுகளை ஓர் இரவு தொங்கவிட்டு, மறுநாள் அளவை மறுபடி சரிசெய்து தைப்பது இன்னும் நல்லது.

நிறத்துக்கும் இதே எச்சரிக்கை. ஓரத்தைத் துல்லியமாக நடுவில் நிறுத்துவது கடினம். எங்காவது அரை மில்லிமீட்டர் மறுபக்க நிறம் எட்டிப் பார்க்கும். கருநீலமும் மெரூனும், அடர்பச்சையும் கரும்பழுப்பும் போல ஆழம் ஒத்த நிறங்களில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கம் வெளிர் மஞ்சள், மறுபக்கம் கறுப்பு என்றால் மஞ்சள் பக்கத்தில் அழுக்குக் கோடு போல் தெரியும். போதாததற்கு, வெளிர் பக்கத்தின் வழியே அடியிலுள்ள தையல் விளிம்பும் நிழலாகத் தெரியும். கடையில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளக்கு வெளிச்சம் இதைக் காட்டிக்கொடுக்காது.

சொந்தமாகத் தைக்க நினைப்பவர்களுக்கும் தையல்காரரிடம் கொடுப்பவர்களுக்கும் அளவுகள். முடிந்த நீளம் 148 செ.மீ., பெரிய முனையின் அகலம் 8 செ.மீ., சிறிய முனை 4.5 செ.மீ., கழுத்துப் பகுதி 3.5 செ.மீ. ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்கு 7 மில்லிமீட்டர் விட்டு வெட்டினால், பெரிய முனைத் துண்டு 9.4 செ.மீ. அகலம் வரும். மூன்று துண்டாக வெட்டுவதென்றால் 110 செ.மீ. அகலமுள்ள துணியில் ஒரு முகத்துக்கு 70 செ.மீ. போதும். துண்டுகள் சேரும் இடம் பெரிய முனையிலிருந்து 85 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். 45 முதல் 75 செ.மீ. வரையுள்ள பகுதி முடிச்சுக்குள் போகும், அங்கே இணைப்பு வந்தால் புடைப்பாகத் தெரியும். இரண்டு முகங்களின் இணைப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் ஒரு முகத்தில் 3 செ.மீ. தள்ளிப் போடுங்கள். தைத்த பின் விளிம்புகளைப் படிக்கட்டாகக் குறைக்க வேண்டும்: ஒன்று 5 மி.மீ., மற்றது 3 மி.மீ. இரண்டையும் ஒரே அளவில் விட்டால் ஓரத்தில் ஒரு கயிறு ஓடுவது போல இருக்கும்.

கூர் முனையில் ஊசியை நேராக மூலைக்குக் கொண்டுபோய்த் திருப்பக் கூடாது. மூலையில் ஒரே ஒரு தையல் குறுக்காகப் போட்டுத் திரும்பினால்தான் புரட்டும்போது கூர் சுத்தமாக வரும். இல்லையென்றால் உள்ளே துணி குவிந்து மொட்டையாகிவிடும்.

டைக்கு உருவம் தர உள்ளே வைக்கும் கேன்வாஸ் துணி கம்பளியாகவும் கிராஸில் வெட்டியதாகவும் இருக்க வேண்டும். சாதாரண டைக்குப் போடுவதைவிட ஒரு படி மெல்லியது போதும், ஓரங்களில் ஏற்கெனவே கனம் இருக்கிறது. முடிந்த அகலத்தைவிடப் பக்கத்துக்கு 2 மி.மீ. குறைவாக வெட்டி, ஒரு ஓரத்தின் தையல் விளிம்போடு நீளத் தையலாகப் பிடித்துவிட்டுப் புரட்ட வேண்டும். பிடிக்காமல் வெறுமனே நுழைத்தால் சில மாதத்தில் உள்ளே ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருண்டுகொள்ளும். ஒட்டும் கேன்வாஸ் வேண்டவே வேண்டாம். ஒரு முகத்தில் ஒட்டினால் அந்த முகம் மட்டும் விறைத்துக்கொள்ளும். நம்மூர் வெயிலிலும் வேர்வையிலும் பசை விட்டுக் கொப்புளம் வேறு எழும்.

சாதாரண டையின் பின்னால் சிறிய முனையைச் செருக ஒரு வளையம் இருக்கும். இருபக்க டையில் அதற்கு இடம் கிடையாது. எந்தப் பக்கம் வைத்தாலும் அது ஒரு நாள் முன்பக்கமாகும். சிலர் மெல்லிய எலாஸ்டிக் வளையம் மாட்டுகிறார்கள், பார்க்க நன்றாக இல்லை. சட்டையின் மூன்றாவது, நான்காவது பட்டன்களுக்கு நடுவே ஒரு டை கிளிப் போட்டால் வேலை முடிந்தது. டையோடு கிளிப்பையும் சேர்த்து விற்கும் கம்பெனிகள் புத்திசாலிகள். லேபிளைக் கழுத்துப் பகுதி ஓரத்தையலில் சின்னதாகச் செருகிவிடலாம்.

முடிச்சு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசலாம். ஓரம் கனமான டைக்கு ஃபோர் இன் ஹேண்ட் என்ற ஒல்லியான எளிய முடிச்சு பொருந்தும். அதைவிடத் தடித்த ஹாஃப் வின்ட்ஸர் போட்டால் முடிச்சு காலரை விட்டுத் தள்ளி நிற்கும், இன்னும் பெரிய முழு வின்ட்ஸரை மறந்துவிடலாம். இன்னொரு நல்ல தேர்வு பிராட் முடிச்சு. 1989இல் அமெரிக்காவில் மினசோட்டா தொலைக்காட்சிச் செய்தியாளர் டான் ஷெல்பி கட்டியதால் பரவியது, ஷெல்பி முடிச்சு என்றும் சொல்வார்கள். அளவு நடுத்தரம், இரு பக்கமும் சமம். ஆனால் அது டையின் உள்பக்கத்தை வெளியே வைத்துக் கட்டத் தொடங்கும் முடிச்சு. கருநீலம் வெளியே வர வேண்டுமென்றால் மெரூனை வெளியே வைத்துத் தொடங்க வேண்டும். அப்போது சிறிய முனை மெரூனாகத் தொங்கும், பக்கவாட்டில் நழுவினால் பளிச்சென்று தெரியும். ஃபோர் இன் ஹேண்டில் அந்தக் கவலை இல்லை.

இரண்டு நிறத்தையும் ஒரே நாளில் காட்ட விரும்புவோர், ஃபோர் இன் ஹேண்டில் பெரிய முனையைக் கழுத்து வழியே மேலே எடுத்தபின், முன் மடிப்புக்குள் இறக்குவதற்கு முன்பு அரைச் சுற்றுத் திருப்பிவிடலாம். முடிச்சு ஒரு நிறத்திலும் தொங்கல் மறு நிறத்திலும் வரும். கல்யாண வரவேற்புக்கு அழகு. வங்கி மேலாளர் திங்கட்கிழமை இப்படி வந்தால் வாடிக்கையாளர் முடிச்சைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்.

கட்டிப் பழகியவர்களுக்கு மட்டும் தெரியும் ஒரு தொல்லை உண்டு. முடிச்சுக்குக் கீழே விரலால் அழுத்திப் போடும் குழி, மறுநாள் புரட்டிக் கட்டும்போது அதே இடத்தில் மேடாக நிற்கும். பட்டு என்றால் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டால் தணிந்துவிடும். அதனால் இன்று ஒரு பக்கம், நாளை மறுபக்கம் என்று கட்டுவது கணக்குக்கு மட்டும் நல்லது. ஒரு பக்கத்தைக் கட்டிவிட்டு ஒரு நாள் ஓய்வு கொடுத்துப் புரட்டுங்கள். கழற்றும்போது சிறிய முனையை உருவி இழுக்காமல், கட்டிய வரிசையிலேயே திரும்ப அவிழ்க்க வேண்டும். ஓரத்தையல் உள்ள டைக்கு இது இரண்டு மடங்கு முக்கியம்.

முதலில் தேய்வது பெல்ட் பக்கிள் உரசும் முனைக்கூரும் முடிச்சின் இரு ஓரங்களும். மடிப்பு ஓரமாக இருந்தால் நிறம் மங்கும், அவ்வளவுதான். தையல் ஓரமாக இருப்பதால் உள்ளேயுள்ள நூல் பல்லிளிக்கத் தொடங்கும். இஸ்திரிப் பெட்டியை ஓரத்தில் அழுத்தினால் இது சீக்கிரம் வரும். ஆவியைத் தள்ளிக் காட்டிவிட்டுக் கையால் தடவினால் போதும்.

தறியிலேயே இரண்டு முகமாக நெய்த துணியில் செய்த டைகளும் உண்டு. ஒரே துணி என்பதால் கொப்பளிப்பு கிடையாது. ஆனால் சாய்கோடு டிசைன் வாங்கினால் கவனியுங்கள்: முன்னால் ஒரு பக்கம் சாயும் கோடு பின்னால் எதிர்ப்பக்கம் சாயும். ஆங்கிலேய மரபில் கோடு அணிபவரின் இடது தோளிலிருந்து வலப்பக்கம் இறங்கும், அமெரிக்க மரபில் அதற்கு எதிர். ஒரே டையில் இரண்டும் கிடைக்கும். ரெஜிமென்ட் கோடுகளை (ராணுவப் படைப்பிரிவுகளின் அடையாளக் கோடுகள்) பற்றி அக்கறை உள்ள இடத்துக்குப் போகிறவர்கள் எந்தப் பக்கம் என்று பார்த்துக் கட்டட்டும். இதையெல்லாம் விட எளிய வழி, சதுர முனையுள்ள பின்னல் டை. ஒரே நிறம்தான், ஆனால் குழாய் போலப் பின்னியதற்குப் பின்பக்கம் என்பதே கிடையாது. மாற்றி மாற்றிக் கட்டினால் தேய்மானம் பங்கிடப்படும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது, டையைப் புரட்டி எடுக்க விட்ட 12 செ.மீ. திறப்பு. அது கழுத்துப் பகுதியின் ஓரத்தில், காலருக்குள் மறையும் இடத்தில், கைத்தையலால் மூடியிருக்க வேண்டும். கேன்வாஸ் சுருண்டாலோ ஓரத்தையல் விட்டாலோ அந்த வழியாகத்தான் உள்ளே போய்ச் சரிசெய்ய முடியும். மெஷின் தையலாலோ பசையாலோ மூடியிருந்தால் அந்த டையைத் திருத்த எந்தத் தையல்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.