சீலிங் கசிவைச் சரிசெய்த குழு: பொறுமையாக இருந்தால் நல்ல வேலை

சீலிங் ரிப்பேருக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வந்த கையோடு பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறவரை நம்பாதீர்கள். எங்கள் அம்மா படுக்கும் அறை, மேல் வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே பழுப்பு வளையமாக ஓதம் இறங்கியிருந்தது. முதலில் வந்தவர் சுரண்டி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்துவிட்டுப் போனார். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. சில மாதம்கூடத் தாங்கவில்லை. அதே இடத்தில் வளையம் தெரிந்தது, அப்புறம் பட்டி உப்பி, காரையோடு பெயர்ந்து அம்மாவின் தலையணைப் பக்கம் விழுந்தது. நல்லவேளை, அம்மா அப்போது சமையலறையில் இருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்து வந்த குழுவைப் பற்றித்தான் எழுதுகிறேன். கசிவு, தளம் பழுது வேலை மட்டும் செய்கிறவர்கள். ஒரு மேஸ்திரி, கூட இரண்டு பேர்.

வந்ததும் மேஸ்திரி செய்த முதல் வேலை, அந்த அறை லைட்டுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னது. கறை லைட் பாயிண்டை ஒட்டி வந்திருந்தது, அது வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஆபத்து. பிறகு சின்னச் சுத்தியலால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்றும், பூச்சு விட்டுப்போன இடத்தில் பொத்தென்றும் சத்தம் வந்தது. பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் சுற்றி வரைந்தார். கறையைவிட அந்தக் கோடு எவ்வளவோ பெரிதாக இருந்தது.

அப்புறம் மேலே போனார். மேல் வீட்டு அக்காவுக்கு முதலில் விருப்பமில்லை. "அக்கா, உங்க தரைக்கும் இது நல்லதில்ல, பார்த்துட்டுப் போயிடறேன்" என்று தன்மையாகப் பேசி உள்ளே போனார். குழாய்களை எல்லாம் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தார். முள் நகரவில்லை, அதனால் அழுத்தத்தில் தண்ணீர் வரும் பைப் உடையவில்லை. அடுத்து, தரையை நனைக்காமல் வடிகாலுக்குள் மட்டும் வாளி வாளியாக ஊற்றினார். கீழே ஈரம் கூடவில்லை. கடைசியாக வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் விட்டார். மறுநாள் எங்கள் சீலிங் நனைந்திருந்தது. ஆக, குற்றவாளி வடிகாலைச் சுற்றியிருந்த டைல்ஸ் இடுக்கு. அந்த இடுக்கைத் தோண்டி, தண்ணீர் புகாதபடி இறுகும் எபாக்ஸி க்ரவுட்டை நிரப்பினார்கள். இது நிற்காவிட்டால் டைல்ஸைப் பெயர்த்து அடியில் வாட்டர் ப்ரூஃபிங் செய்யத்தான் வேண்டும் என்பதையும் மறைக்காமல் அக்காவிடம் சொன்னார். இந்த நேர்மைக்காகவே இவர்களை நான் சிபாரிசு செய்வேன்.

இதற்குப் பிறகு வாரக்கணக்கில் காத்திருந்தோம். காரையைத் தட்டிக் கொட்டிவிட்டு, கான்கிரீட்டில் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரித்தால், உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. இன்னும் காயவில்லை என்று போய்விட்டார்கள். "எப்பதான் முடிப்பீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "ஈரத்து மேல எதைப் பூசினாலும் ஒட்டாதும்மா" என்றார் மேஸ்திரி. ஷீட் உலர்ந்து வரும்வரை அவர் கரண்டியைத் தொடவே இல்லை.

உள்ளே கம்பியைப் பார்த்தபோதுதான் அந்த முதல் ஆள் மூடிவைத்தது என்னவென்று புரிந்தது. துரு செதில் செதிலாக உரிந்து வந்தது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கும், அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடித்துக் கொட்டுகிறது. கம்பியின் பின்பக்கம் விரல் போகும் அளவுக்குச் செதுக்கி, வயர் பிரஷ்ஷால் இரும்பு மின்னும்வரை தேய்த்தார்கள். காலிப்பர் வைத்துப் பருமன் பார்த்தார் மேஸ்திரி. ரொம்பத் தேய்ந்திருந்தால் இன்ஜினியரைக் கூட்டி வராமல் தொடமாட்டேன் என்றார். எங்கள் கம்பி தப்பித்தது. துரு தடுக்கும் பூச்சு, பிடிப்புக்கு ஒரு கோட், அப்புறம் பாலிமர் கலந்த சிமெண்ட் கலவை. அதையும் ஒரேயடியாக அப்பாமல், ஒரு அடுக்கு இறுகிய பிறகே அடுத்த அடுக்கு.

பெயிண்டுக்கு முன் கறை தடுக்கும் ஆயில் ப்ரைமர் அடித்தார்கள். தண்ணீர்க் கறை தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் எமல்ஷனை நேராக அடித்தால் ஊறி மேலே வந்துவிடும். வாடை இரண்டு நாள் இருந்தது, அம்மாவை வேறு அறையில் படுக்கவைத்தோம்.

குறைகளும் உண்டு. தூசிக்கு அவர்கள் கட்டிய ஷீட் போதவே போதாது, பீரோவுக்குள் துணி வரைக்கும் மண். லைட் பாயிண்டைச் சரிசெய்வது எங்கள் வேலை இல்லை என்று கடைசி நாளில்தான் சொன்னார்கள், எலக்ட்ரீஷியனுக்குத் தனியாக அலைந்தேன். ஒட்டுப்போட்ட இடம் இரவு விளக்கில் திட்டாகத் தெரியும், முழு சீலிங்கும் அடித்தால்தான் சேரும் என்பதையும் முன்பே சொல்லியிருக்கலாம். உத்தரவாதம் பூசிய இடத்துக்கு மட்டும்தான், மேலிருந்து மறுபடி கசிந்தால் கிடையாது. அதை எழுதி வாங்கும்போது கசிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன், மறுக்காமல் எழுதிக் கொடுத்தார்கள்.

இவர்கள் கான்கிரீட் தளம் மட்டும்தான் பார்க்கிறார்கள். ஜிப்சம் போர்டு போட்ட ஃபால்ஸ் சீலிங் நனைந்து தொங்கினால், அந்தப் பலகையை வெட்டியெடுத்து மாற்றத்தான் வேண்டும். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.