ஜவ்வாது மலைக்கு: இரண்டாவது சிம்மா, இறக்கி வைத்த மேப்பா?

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வரை செல்போனுக்குக் குறையில்லை. ஜமுனாமரத்தூர் மலைச்சாலையில் ஏறியதும், வளைவுக்கு வளைவு சிக்னல் கோடுகள் உதிரத் தொடங்கும்.

இரண்டாவது சிம் என்றால் வேறு கம்பெனி சிம்மாக இருக்க வேண்டும். ஒரே கம்பெனியில் இரண்டு வாங்கினால் டவரும் அதேதான். வேறு வேறு கம்பெனி என்றால், ஒன்று கைவிட்டாலும் மற்றது பிடிக்கலாம். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல இதுதான் வழி. ரீசார்ஜ் முடிந்த சிம்மை வைத்துக்கொண்டு போன ஆடியில் நான் முழித்தது தனிக்கதை. அவசரத்துக்கு 112 மட்டும், அங்கே எட்டும் எந்த நெட்வொர்க் வழியாகவும் போகும்.

மேப்போ, காசில்லாத சமாச்சாரம். வீட்டு வைஃபையில் அந்தப் பகுதியை இறக்கிவிட்டால் போதும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் டவரே இல்லாவிட்டாலும் நீலப் புள்ளி நகரும். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீரும் என்பதால், நான் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு ஓட்டுவேன். ஆனால் டயர் பஞ்சரானால் மேப் யாரையும் கூப்பிடாது.

பீமன் அருவிக்குப் பகலில் போய்த் திரும்ப மேப் போதும். குழந்தைகளோடு இரவு தங்குவதென்றால் சிம்முக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டே கிளம்புவேன்.