25 நிமிடமா, 52 நிமிடமா, மணியே வேண்டாமா?

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகள் போன மாதம் கேட்டாள்: "மாமா, 25 நிமிஷம் வச்சுப் படிச்சா தமிழ் நல்லா ஓடுது. கணக்குல மட்டும் சூடு பிடிக்கிற நேரத்துல மணி அடிச்சிடுது. 52 நிமிஷம்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுக்கு மாறிடவா?"

பிழைதிருத்த வேலைக்காக, வேலையையும் ஓய்வையும் இப்படி நேரம் பிரித்துக்கொள்ளும் முறைகளை மாற்றி மாற்றிப் பார்த்தவன் நான். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

25-5 தான் மூத்தது. இதன் பெயர் போமோடோரோ, இத்தாலிய மொழியில் தக்காளி என்று பொருள். 1980களின் இறுதியில், படிப்பில் மனம் நிற்காமல் தவித்த பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், தக்காளி வடிவச் சமையலறை டைமரைத் திருகி வைத்துப் படிக்கத் தொடங்கினார். (நம் வீடுகளில் குக்கர் விசிலை எண்ணியே காலம் ஓடிவிட்டது, டைமர் வாங்கும் பழக்கம் வரவில்லை.) 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு; நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த முறையின் உயிர் காகிதத்தில் இருக்கிறது. இன்று என்ன வேலை, அதற்கு எத்தனை சுற்று ஆகும் என்று முதலிலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு பெருக்கல் குறி. நடுவில் மனம் வேறெங்கோ ஓடினால் அதற்கும் ஒரு குறி போட்டுவிட்டு வேலையைத் தொடர வேண்டும். எழுந்தே ஆக வேண்டிய நிலை வந்தால் அந்தச் சுற்று செல்லாது. அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று கணக்கே கிடையாது. ஒரு வாரம் இப்படிக் குறித்தால், இரண்டு சுற்றில் முடியும் என்று நாம் நினைத்த வேலை ஐந்து சுற்றைத் தின்றிருப்பது கண்ணில் படும். எனக்கு மணியைவிட இந்தக் காகிதம்தான் உதவியது.

மணி எனக்கு உதவியது உட்காருவதற்கு மட்டும். 'முந்நூறு பக்கம் திருத்தணும்' என்றால் கை ஓடாது; '25 நிமிடம்தானே' என்றால் ஓடும். ஆனால் ஆழமான வேலையில் அதே மணி எதிரி. ஒரு வட்டிக் கணக்கு பிடிபட இருக்கும் நொடியில் எழுந்து போய்விட்டு வந்தால், மறுபடி முதல் வரியிலிருந்துதான்.

52-17 கதை வேறு. லாத்வியாவைச் சேர்ந்த டெஸ்க்டைம் என்ற நேரக் கணக்கு மென்பொருள் நிறுவனம் 2014-இல் தன் பயனர்களில் அதிகம் வேலை முடிக்கும் 10 சதவீதத்தினரின் பதிவுகளைப் பார்த்தது. சராசரியாக 52 நிமிட வேலை, 17 நிமிட ஓய்வு என்று வந்தது. அவர்கள் 52-க்கு மணி வைத்து வேலை செய்தவர்கள் அல்ல. இது பலருடைய பழக்கத்தின் சராசரி. அதே நிறுவனம் 2021-இல் மறுபடி பார்த்தபோது 112 நிமிடமும் 26 நிமிடமும் வந்தன. அடுத்தவர் செருப்பின் சராசரி அளவில் நாம் செருப்பு வாங்குவதில்லையே. 17 நிமிட ஓய்வு மட்டும் எனக்குப் பிடிக்கும், ஒரு டீ போட்டுக் குடிக்கலாம்.

90 நிமிடம் ஒரே மூச்சில் வேலை செய்யும் முறையும் உண்டு. அதற்கு ஆதாரமாகத் தூக்க ஆய்வாளர் நத்தானியேல் கிளைட்மனைச் சொல்வார்கள். தூக்கத்தில் உள்ள சுமார் 90 நிமிடச் சுழற்சி விழித்திருக்கும்போதும் தொடர்கிறது என்பது அவர் கருத்து. தூக்கத்தில் அது தெளிவாகத் தெரியும் அளவுக்கு விழிப்பில் தெரிவதில்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் 90 நிமிடம் யாரும் கூப்பிடாமல் இருப்பதும் நடக்காது.

கடைசியாக, மணியே வைக்காத ஃப்ளோடைம். தொடங்கும் நேரத்தை எழுதுவது, அலுப்புத் தட்டும் வரை ஒரே வேலை, நிறுத்திய நேரத்தை எழுதுவது, உழைத்த அளவுக்கு ஏற்ற ஓய்வு. ஆழமான வேலைக்கு இதை மிஞ்சியது இல்லை. ஆனால் தொடங்கவே தயங்குகிறவர்களுக்கு இது பயன்படாது. தொடங்கும் நேரம் என்ற கட்டம் காலியாகவே கிடக்கும்.

ஆகவே அவளிடம் சொன்னது: தமிழுக்கும் பொது அறிவுக்கும் 25-5 அப்படியே இருக்கட்டும். கணக்குக்கு மட்டும் மணியை எடுத்துவிட்டு நேரத்தைக் குறி. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது எல்லாவற்றையும் விட்டுவிடு. அரங்கில் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், நடுவில் யாரும் 5 நிமிடம் தர மாட்டார்கள். வாரம் இரண்டு முறையாவது மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் மாதிரித் தேர்வு எழுது. போனில் டைமர் வைக்காதே, நிறுத்தப் போகிற கை வாட்ஸ்அப்பில் போய் நிற்கும்.

நேற்று தன் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். கணக்குக்கு நேரே 38, 44, 41, 19. அந்தப் பத்தொன்பதுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் காரணமும் எழுதியிருந்தாள்: 'தம்பி'.