அன்சார்ட்டட்: லெகசி ஆஃப் தீவ்ஸ் கலெக்‌ஷன் – தங்கத்தைவிடப் பொய்தான் கனம்

புதையல் வேட்டைக் கதை என்றால் வரைபடம், பொறி, துரத்தும் எதிரி, கடைசியில் இடிந்து விழும் குகை. நாட்டி டாக் நிறுவனத்தின் இந்த வீடியோ கேம் தொகுப்பில் இவை எல்லாமே உண்டு, மிகச் சிறப்பாகவே உண்டு. ஆனால் இதைப் பரிந்துரைக்கக் காரணம் வேறு. புதையல் கிடைக்குமா என்பதைவிட, அதற்காக யாரிடம் பொய் சொல்கிறார்கள், அந்தப் பொய்க்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. தொகுப்பில் இரண்டு கேம்கள்: 2016-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு (பிஎஸ்4) வந்த ‘அ தீஃப்ஸ் எண்ட்’, 2017-ல் வந்த ‘தி லாஸ்ட் லெகசி’. இரண்டையும் மெருகேற்றி 2022 ஜனவரியில் பிஎஸ்5-க்கும், அதே ஆண்டு அக்டோபரில் பிசிக்கும் கொண்டுவந்தார்கள்.

முதல் கேமின் நாயகன் நேதன் டிரேக் திருட்டுத் தொழிலை விட்டுவிட்டு, கடலில் மூழ்கிய சரக்கை மீட்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மலேசியாவில் ஒரு வேலை வருகிறது. முறையான அனுமதி இல்லை என்பதால் வேண்டாம் என்கிறான். பிறகு, செத்துவிட்டதாக நினைத்திருந்த அண்ணன் சாம் உயிரோடு வந்து நிற்கிறான். போதைக் கடத்தல்காரன் ஒருவனுக்குப் புதையல் கொடுக்காவிட்டால் தன் தலை போய்விடும் என்கிறான். நேதன் கிளம்பிவிடுகிறான். மனைவி எலினாவிடம் என்ன சொல்கிறான்? மலேசிய வேலைக்குப் போவதாக! சட்டத்துக்குப் புறம்பு என்று தான் ஒதுக்கிய வேலையையே பொய்க்குத் திரையாகப் பிடிக்கிறான். எழுத்தாளர்களின் கெட்டிக்காரத்தனம் இந்த இடத்தில் தெரிகிறது.

நான்காம் அத்தியாயத்தில் ஒரு துப்பாக்கிக் குண்டுகூட வெடிக்காது. பரணில் பழைய சாகசங்களின் மிச்சங்கள் கிடக்கின்றன. ஒரு பொம்மைத் துப்பாக்கியை எடுத்துக் குறி பார்க்கலாம். கீழே இறங்கி வந்தால் எலினாவோடு சாப்பாடு, அப்புறம் பழைய பிளேஸ்டேஷனில் ஒரு சுற்று. வீட்டின் ஒவ்வொரு மூலையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு நகருங்கள். இங்கே அவசரப்பட்டால், 11-ம் அத்தியாய முடிவில் ஓட்டல் அறைக் கதவைத் திறக்கும்போது உள்ளே எலினா நிற்கிற காட்சி பாதி வலுவை இழந்துவிடும். அதற்குச் சற்று முன்னால்தான் கேமின் மிகப் பெரிய துரத்தல்: சந்தைக் கடைகளைப் பிய்த்துக்கொண்டு ஜீப் இறங்குகிறது, நேதன் கயிற்றில் தொங்கிச் சேற்றில் இழுபடுகிறான். அத்தனை ஆர்ப்பாட்டம் முடிந்து அறைக்குள் விழும் அமைதி, பின்னால் வரும் எந்தச் சண்டையைவிடவும் கனமானது.

தேடப்படும் புதையல் ஹென்றி ஏவரி என்ற உண்மையான கடற்கொள்ளையனுடையது. 1695 செப்டம்பரில், ஹஜ் முடித்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவுரங்கசீப்பின் ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலை அரபிக்கடலில் மடக்கியவன் அவன். ஆத்திரமடைந்த முகலாய அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளைப் பூட்டியது. அதன் ஆட்கள் சிறைப்பட்டார்கள். ஏவரியின் கூட்டாளிகளில் ஐந்து பேர் 1696-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார்கள். ஏவரி மட்டும் கடைசிவரை அகப்படவே இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் கேம் தன் கதையை நுழைக்கிறது: மடகாஸ்கர் கடற்பகுதியில் கொள்ளையர்களே கட்டிய லிபர்டாலியா என்ற குடியரசு. தாமஸ் டியூ என்ற கொள்ளையனையும் அதன் நிறுவனர்களில் ஒருவனாக்கியிருக்கிறார்கள். வரலாற்றில் டியூ 1695-லேயே முகலாயக் கப்பலோடு நடந்த சண்டையில் செத்துப்போனவன். கதைக்காக இதை மன்னிக்கலாம். ஆனால் ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலில் இருந்த யாத்ரீகர்களும் பெண்களும் அனுபவித்த சித்திரவதையைப் பற்றிக் கேம் வாய் திறப்பதில்லை. பேராசை மனிதர்களை அழிக்கும் என்று 22 அத்தியாயம் பேசும் கதை, அந்தத் தங்கம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்று ஒரே ஒரு குறிப்பேட்டுப் பக்கத்திலாவது கேட்டிருக்க வேண்டும். எனக்கு இது பெரிய குறை.

ஸ்காட்லாந்து அத்தியாயங்கள் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்ளனான புனித டிஸ்மாஸின் பெயரைச் சுற்றி வருகின்றன. கடைசி நேரத்தில் மனந்திரும்பிய திருடன் அவர். திருடனுக்கு எந்தக் கட்டத்தில் திரும்பிப் போக வழி இருக்கிறது என்ற கேள்வியை வசனத்தில் திணிக்காமல் புதிருக்குள்ளேயே வைத்தது நல்ல வேலை.

விளையாட்டுக்கு வருவோம். மறைந்து தாக்குவதற்கு உயரமான புல்தான் துணை. எதிரியின் தலைக்கு மேல் தோன்றும் குறி வெள்ளையாக இருந்தால் சந்தேகம், மஞ்சளானால் தேடி வருவான், ஆரஞ்சானால் எல்லோரும் சுடத் தொடங்குவார்கள். புதிதாக ஆடுபவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: புல்லோரம் வந்தவனை உடனே வீழ்த்திவிடுகிறார்கள், மேலே கோபுரத்தில் நிற்பவன் பார்த்துவிடுகிறான். எனவே முதலில் உயரமான இடத்திலிருந்து எல்லோரையும் குறிவைத்து அடையாளப்படுத்துங்கள், மேலே நிற்பவர்களை முடித்துவிட்டுக் கீழே வாருங்கள். மாட்டிக்கொண்டாலும் ஆட்டம் கெட்டுவிடாது. விளிம்பில் தொங்கியபடி சுற்றிப் போய்ப் பார்வையிலிருந்து மறைந்தால் எதிரிகள் மறுபடி தேடும் நிலைக்குப் போவார்கள். ஒரே மறைவிடத்தில் குந்தியிருக்கக் கூடாது. கையெறி குண்டு வரும், பக்கவாட்டில் ஆள் வருவான், சில மறைவிடங்கள் குண்டு பட்டு உடைந்தும் போகும்.

கயிற்றுக் கொக்கி இந்தக் கேமின் பெரிய வரவு. ஊசலாடிப் போய் ஒருவன்மேல் பாய்ந்து அடிக்கும் சந்தோஷம் கடைசிவரை குறையவே இல்லை. 10-ம் அத்தியாயத்தில் ஜீப்பின் வின்ச்சை (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) கையாளும் விதமும் அருமை: கொக்கியைக் கையில் எடுத்து, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நீங்களே மாட்ட வேண்டும். அந்தப் பகுதியில் வண்டி வழுக்கினால் வேகத்தை ஏற்றிப் பயனில்லை. ஈரச் சேற்றில் சக்கரம் பிடிக்காது. சரிவில் பாறை தெரியும் பக்கமாகத் திருப்பி, ஒரு பாறையிலிருந்து அடுத்ததற்கு ஏறுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. சக்கரம் வைத்த பெட்டியைத் தள்ளிச் சுவரோரம் நிறுத்தி ஏறுவது இத்தனை முறை வேண்டியதில்லை. 13, 14-ம் அத்தியாயங்களில் நடை தளர்கிறது. சில இடங்களில் வசனத் தேர்வு தருகிறார்கள், எதைத் தேர்ந்தாலும் கதை மாறாது. கடைசி வாள்சண்டை அதுவரை பழகாத முறையில் வருவதால், முதல் சில முயற்சிகள் வெறும் பாடமாகவே போகும். இவற்றைவிட முக்கியமானது: மனைவியிடம் சொன்ன ஒரு பொய்க்காக உருகும் நாயகன், நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றதைப் பற்றி ஒரு நொடியும் யோசிப்பதில்லை. தயாரித்தவர்களுக்கும் இது தெரியும். 1,000 எதிரிகளை வீழ்த்தினால் கிடைக்கும் கோப்பைக்கு ‘லூடோநேரட்டிவ் டிசோனன்ஸ்’ (கதை சொல்வதும் ஆட்டத்தில் நாம் செய்வதும் முரண்படுவது) என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தெரிந்தும் அப்படியே விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘தி லாஸ்ட் லெகசி’ இதைவிடச் சிறியது, ஒன்பதே அத்தியாயம். குளோயி ஃபிரேசர், நாடீன் ராஸ் என்ற இரண்டு பெண்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் விநாயகரின் தந்தத்தைத் தேடுகிறார்கள். கர்நாடகத்தை ஆண்ட ஒய்சாளர்களின் பேலூர், ஹளேபீடு ஆகிய பெயர்களை எடுத்துக்கொண்டு, பிரம்மாண்டமான கற்பனை நகரங்களை எழுப்பியிருக்கிறார்கள். உண்மையான ஒய்சாளர் கலை மாக்கல்லில் நகையைப்போல இழைத்த நுணுக்கம். மலையளவு சிலைகள் அதன் இயல்பு இல்லை. கோயிலைப் பார்த்தவர்களுக்கு இது உறுத்தும். பரசுராமரின் கோடரியால் தந்தம் முறிந்த கதையைப் புதிர்களில் கையாண்ட விதத்தில் மட்டும் மரியாதை தெரிகிறது.

நான்காம் அத்தியாயம் திறந்த வெளி. சூலம், கோடரி, வில் ஆகிய மூன்று இடங்களுக்கும் எந்த வரிசையிலும் போகலாம். அங்கே சிதறிக் கிடக்கும் 11 ஒய்சாள நாணயங்களைச் சேர்த்துவிடுங்கள்; பரிசாக வரும் வளையல், பின்னால் புதையல் பொருள் பக்கத்தில் இருந்தால் உணர்த்தும். பூட்டிய ஆயுதப் பெட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். முதல் கேமில் கிடைக்காத சத்தமில்லாத் துப்பாக்கி அவற்றில் கிடைக்கும்.

கதையின் முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். தந்தம் கைக்கு வந்துவிட்டது, வந்த வேலை முடிந்தது. அப்போது வெடிகுண்டோடு ஒரு ரயில் நகரத்தை நோக்கிப் போவது தெரிகிறது. ஆபத்து வந்தால் முதல் ஆளாக ஓடிவிடுபவள் என்று பெயரெடுத்த குளோயி, அந்த ரயிலைத் துரத்த முடிவெடுக்கிறாள். நாடீன் உடனே ஒத்துக்கொள்வதில்லை. அந்தச் சில வரி வாக்குவாதம் முதல் கேமில் இல்லாத ஒன்றைத் தருகிறது: முகம் தெரியாத மக்களுக்காகத் திருடர்கள் தயங்கி நிற்கிறார்கள்.

பிஎஸ்5-ல் மூன்று காட்சி முறைகள் உண்டு: 4கே தெளிவில் நொடிக்கு 30 ஃபிரேம், தெளிவைக் குறைத்து 60, 1080பி-யில் 120. சண்டை அதிகம் என்பதால் 60-தான் சரியான தேர்வு. பிசியில் 126 ஜிபி இடம் வேண்டும். 30 ஃபிரேமுக்கு மேல் நிம்மதியாக ஆட 16 ஜிபி ரேம் இருப்பது நல்லது. பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் பழைய மல்டிபிளேயர் இந்தத் தொகுப்பில் இல்லை. தமிழ் வசனவரியும் இல்லை. கதையின் நுட்பம் பேச்சில் இருப்பதால் ஆங்கில வசனவரியை ஆன் செய்துவிடுங்கள்.

கதைக்காக ஆடுபவர்களுக்கு ‘மாடரேட்’ கடினம் போதும். குறிபார்க்கச் சிரமப்படுபவர்களுக்கு, எதிரியின்மேல் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. மிகக் கடினமான ‘கிரஷிங்’ நிலையை இரண்டாம் ஆட்டத்துக்கு வையுங்கள், 20-ம் அத்தியாயத்தில் அது பொறுமையைச் சோதிக்கும். ‘தி லாஸ்ட் லெகசி’யில் நம் ஊர்ப்பக்கக் காடு தெரிகிறதே என்று அதை முதலில் தொடங்கிவிடாதீர்கள். நாடீன் எந்தப் படையை இழந்தாள், ஏன் யாரையும் நம்ப மறுக்கிறாள் என்பதெல்லாம் ‘அ தீஃப்ஸ் எண்ட்’டில்தான் இருக்கிறது.