கராஜில் ஒரு நிலநடுக்கமானி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கும்போது கையெழுத்துப் போடும் காகிதக் கட்டில் இயற்கை ஆபத்து அறிக்கை என்று ஒன்று இருக்கும். வெள்ளம், காட்டுத்தீ, அப்புறம் வீடு நிலநடுக்கப் பிளவு மண்டலத்துக்குள் வருகிறதா என்று ஒரு கட்டம். ஃப்ரீமாண்டில் எங்கள் வீட்டுக்கு அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்றுதான் இருந்தது. ஆனால் ஹேவர்ட் பிளவு ஊருக்குள்ளேயேதான் போகிறது; பார்ட் ரயில் நிலையத்தை ஒட்டிய குளமே அந்தப் பிளவால் உண்டான பள்ளம். 1868 அக்டோபர் 21 அன்று சுமார் 6.8 அளவில் குலுங்கியதுதான் அதன் கடைசிப் பெரிய ஆட்டம். அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக வந்துகொண்டிருக்கிறது. இந்தச் சின்னதுகளை வேடிக்கை பார்க்கத்தான் ராஸ்பெர்ரி ஷேக் வாங்கினேன்.

தெரியாதவர்களுக்கு: ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியின் மேல் ஒரு பலகை, அதோடு இணைந்த ஒரு ஜியோஃபோன். காந்தமும் ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச்சுருளும்தான் ஜியோஃபோன். தரை அசைந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பனாமாவில் ஒரு குழு 2016-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிக் கொண்டுவந்தது. என்னிடம் இருப்பது 4டி மாடல். மேலும் கீழுமான அசைவுக்கு ஒரு ஜியோஃபோன், பலத்த குலுக்கலுக்கு மூன்று திசையிலும் முடுக்கமானி. நொடிக்கு 100 முறை அளவெடுத்து, அதைத் திரையில் ஒரு கோடாகக் காட்டும்.

வைத்த இடம் கராஜின் பின்மூலை, வெறும் கான்கிரீட் தரை. மேல் மாடியில் வைக்கவே கூடாது. இங்குள்ள மரச்சட்ட வீடுகள் காற்றுக்கும் காலடிக்கும் தாமாகவே ஆடும். பெட்டியோடு வரும் நீர்மட்டக் குமிழைப் பார்த்துக் கால்களைத் திருகிச் சமப்படுத்தி, நெட்வொர்க் கேபிளைச் செருகினால் சரி, வேலை முடிந்தது.

நிலநடுக்கத்தைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் முதலில் தெரிவது நம் வீடுதான். வாரக்கணக்கில் அதைத்தான் படித்தேன். கராஜ் கதவு ஏறி இறங்குவது ஒரு கொத்து. துணி துவைக்கும் இயந்திரம் பிழியத் தொடங்கினால் கோடு மெல்லத் தடித்து, உச்சத்துக்குப் போய், சட்டென்று விழும். சரக்கு ரயில் மெதுவாக வீங்கி மெதுவாக வடியும். எனக்குப் பிடித்தது வெட் கிரைண்டர். நொடிக்கு எத்தனை அதிர்வு என்று காட்டும் அலைவெண் படத்தில் 30 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே அடிமட்டக் கோல் வைத்து இழுத்தது போல ஒரு நேர்க்கோடு, மாவு அரைந்து முடியும்வரை அசையாமல் நிற்கும். இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் நான்கு துருவ மோட்டார் நொடிக்கு ஏறக்குறைய 29 முறை சுற்றுகிறது, அவ்வளவுதான் விஷயம். மனைவி எந்த நாள் இட்லிக்குப் போட்டாள் என்று ஒரு மாதம் கழித்தும் சொல்லிவிடலாம். ஜூலை 4 இரவு வாணவேடிக்கையில் எதையும் படிக்க முடியாது. நள்ளிரவு தாண்டி நாலு மணி வரைதான் நல்ல நேரம்.

இந்தச் சத்தங்கள் பழகிய பிறகு நிலநடுக்கம் தனியாகத் தெரியும். முதலில் வேகமாக ஓடிவரும் பி அலை, கூர்மையான ஒரு வெட்டு. அடுத்து மெதுவாக வரும் எஸ் அலை, அதைவிடப் பெரிதாக. பிறகு நீளமாகத் தேயும் வால். ரயிலுக்கும் லாரிக்கும் இந்த வரிசை கிடையாது. இரண்டு அலைக்கும் நடுவிலுள்ள நொடிகளை எட்டால் பெருக்கினால் தோராயமாகக் கிலோமீட்டர் கணக்கில் தூரம். மூன்று நொடிக்குச் சற்று மேலே இருந்தால் சான் ரமோன் பக்கமாக இருக்கலாம். இருபது நொடி என்றால் வடக்கே கெய்சர்ஸ் நிலவெப்ப மின்நிலையப் பகுதியோ என்று பார்ப்பேன். அங்கே நீராவிக்காகப் பூமிக்குள் தண்ணீர் செலுத்துவதால் தினமும் குட்டி நடுக்கங்கள் உண்டு, ஆனால் என் பெட்டிக்கு எட்டுவது கொஞ்சம் பெரியவை மட்டும். ஒரே கருவியால் தூரம்தான் தெரியும், திசை தெரியாது. அதற்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் வரைபடத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்.

என்னிடம் உள்ள பதிவுகளில் படிக்க எளிதானது 2025 செப்டம்பர் 22 விடிகாலை 2:56-க்கு பெர்க்லியில் வந்த 4.3. ஊர் தூங்கும் நேரம் என்பதால் கோடு சுத்தம். பி, எஸ் இரண்டையும் குழந்தைகூடக் காட்டிவிடும். 2024 டிசம்பர் 5 காலை மெண்டோசினோ முனைக்கு அப்பால் கடலில் வந்த 7.0 வேறு மாதிரி. போன்களில் சுனாமி எச்சரிக்கை வந்து எல்லோரும் பதறிக்கொண்டிருந்தோம், ஒரு மணி நேரம் சொச்சத்தில் அது ரத்தானது. நடுக்கம் அங்கே நடந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துத்தான் முதல் அலை எங்கள் கராஜுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இவ்வளவு தூரத்திலிருந்து வரும் மெதுவான, நீண்ட அலைகளை இந்த ஜியோஃபோன் முழுதாகப் பிடிக்காது. ஆராய்ச்சி நிலையங்களின் விலையுயர்ந்த கருவிகளோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

அதிகம் வரும் கேள்வி, "முன்கூட்டியே சொல்லுமா?" சொல்லாது. எச்சரிக்கைக்கு போனில் இலவச மைஷேக் செயலி போதும். பெர்க்லி நிலநடுக்க ஆய்வகத்தின் செயலி அது. மாநிலம் முழுக்கப் பதித்திருக்கும் கருவிகள் பி அலையைப் பிடித்ததும் ஷேக்அலர்ட் அமைப்பு கணக்குப் போட்டு, எஸ் அலை வருவதற்குள் சில நொடி அவகாசம் தரப் பார்க்கிறது. 4.5 அல்லது அதற்கு மேல் எதிர்பார்த்தால்தான் செயலி கூவும். "நேத்து ஆடிச்சே, ஆப் ஏன் கத்தல?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: 2.8-க்கெல்லாம் கத்தினால் நாமே அதை அழித்துவிடுவோம்.

இன்னொன்று, சின்ன நடுக்கங்கள் கூட்டமாக வரும் நாட்களில் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் பேச்சு. சான் ரமோனில் 2015-ல் வாரக்கணக்கில் இப்படி வந்தது. 1990-ல் பக்கத்து அலமோவிலும் வந்திருக்கிறது. பாதிப் பேர் "பெரிசு வரப்போகுது" என்பார்கள். மீதிப் பேர், "நல்லதுதானே அண்ணா, கொஞ்சம் கொஞ்சமா வெளியேறிடுது" என்பார்கள். இரண்டாவதுக்குக் கணக்கே பதில். அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. ஒரு 6 வெளியிடும் ஆற்றலைத் தீர்க்க 2 அளவு நடுக்கங்கள் சுமார் 10 லட்சம் வேண்டும். அவ்வளவு எங்கே வருகிறது? முதல் கட்சிக்குச் சொல்ல ஒன்றுதான்: அந்தக் கூட்டங்கள் பெரிதாக எதுவும் இல்லாமலே அடங்கின. அதற்காக அடுத்ததும் அப்படியே அடங்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. 2014 முதல் 2043-க்குள் எங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 6.7 அல்லது அதற்கு மேல் ஒன்றாவது வர 72 சதவீத வாய்ப்பு என்பது ஆய்வு மையத்தின் மதிப்பீடு. அதை என் கராஜ் கோடு கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

பராமரிப்பு பெரிதாக இல்லை. நாளெல்லாம் எழுதிக்கொண்டே இருப்பதால் மெமரி கார்டு ஒரு முறை செத்தது. இப்போது கூடுதலாக ஒன்று தயாராக வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் பதிவும் போகும், அதனால் சின்ன யூபிஎஸ் நல்லது. யோசிக்க வேண்டியது வேறு. தரவைப் பொதுவில் பகிர்ந்தால் உலகில் யாரும் உங்கள் கோட்டைப் பார்க்கலாம். வீட்டு முகவரி அப்படியே தெரியாது, இடத்தைக் கொஞ்சம் தள்ளித்தான் காட்டுகிறார்கள். ஆனால் துவைப்பதும் கதவு திறப்பதும் பத்து நாளாக இல்லையென்றால் வீட்டில் ஆளில்லை என்று கவனித்துப் பார்ப்பவருக்குப் புரியும். வேண்டாமென்றால் பகிர்வை நிறுத்தி வைக்கலாம். நான் பகிர்கிறேன், ஊருக்குப் போகும்போது மட்டும் அணைத்துவிடுகிறேன்.

வாங்கலாமா? பாதுகாப்புக்காக என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் வாட்டர் ஹீட்டரைச் சுவரோடு பட்டை போட்டு இறுக்குங்கள், புத்தக அலமாரியை ஆணியடியுங்கள். பழைய வீடாக இருந்தால் அடித்தளத்தோடு போல்ட் போட மாநிலத் திட்டத்தில் 3,000 டாலர் வரை உதவி கிடைக்கிறது, விசாரியுங்கள். இதெல்லாம் முடித்துவிட்டு ஆர்வமும் மிச்சமிருந்தால் தாராளமாக வாங்கலாம். சின்ன நடுக்கங்களைப் பார்க்க மட்டும் என்றால் ஒரே ஜியோஃபோன் உள்ள 1டி போதும். பிளவுக்கு அருகில் இருப்பவர்களுக்கு 4டி. பெரியது பக்கத்தில் வந்தால் ஜியோஃபோன் அதன் எல்லையில் முட்டி நின்றுவிடும், அப்போது முடுக்கமானிதான் பேசும். நான் பெட்டியைக் கராஜ் கதவிலிருந்து இன்னும் தள்ளி வைக்கப் பார்க்கிறேன். அந்தப் பக்கம் துவைக்கும் இயந்திரம் இருப்பதால் எந்த மூலை என்று இன்னும் முடிவாகவில்லை.