மொட்டைமாடியிலிருந்து சமையலறைக்கு: வெப்பநிலை அளவீட்டை அனுப்ப எந்தக் கம்பியில்லா இணைப்பு?

மொட்டைமாடியில் உள்ள சூரிய வெந்நீர்த் தொட்டியின் வெப்பநிலையைக் கீழே சமையலறையில் ஒரு சிறு திரையில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அனுப்ப வேண்டிய தகவல் மிகச் சிறியது. டிஎஸ்18பி20 சென்சார் தரும் அளவீடு 2 பைட்டில் அடங்கிவிடும்; பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பினால் போதும். ஆகவே வேகம் இங்கே பொருட்டே அல்ல. மேலே இருக்கும் கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அனுப்பிய அளவீடு போய்ச் சேராவிட்டால் அதை யார் அறிவார் என்ற இரு கேள்விகளே தெரிவைத் தீர்மானிக்கின்றன. விலையையும் எட்டும் தூரத்தையும் முதலில் பார்ப்பவர்கள் பிறகு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட நேர்கிறது.

மலிவுக்கு 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் ஜோடியை மிஞ்ச எதுவுமில்லை. 17.3 சென்டிமீட்டர் கம்பியை ஆன்டெனாவாகப் பற்றவைத்தால் கான்கிரீட் தளத்தையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் இது ஒருவழிப் பேச்சு: அனுப்பியவருக்குப் பதில் வராது. பக்கத்து வீட்டுக் கம்பியில்லா அழைப்பு மணியும் அதே அலைவரிசையில் குறுக்கிடலாம். ரேடியோஹெட் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு பிழைச் சோதனை செய்து பழுதான செய்தியைத் தள்ளிவிடுமே தவிர, தொலைந்ததை மீட்டுத் தராது. ஒரே அளவீட்டை மூன்று முறை அனுப்புவதுதான் வழக்கமான பரிகாரம்.

இருவழியும் பேசும் என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோச் சில்லு இந்தக் குறையை நேராகத் தீர்க்கிறது. செய்தி கிடைத்ததற்கான ஒப்புகையை வாங்குவது, வராவிட்டால் 15 முறை வரை மறுபடி அனுப்புவது ஆகிய இரண்டையும் சில்லே பார்த்துக்கொள்கிறது. ஒரு செய்தியில் 32 பைட் வரை போகும். அனுப்பும்போது அது இழுக்கும் மின்னோட்டம் 11 மில்லி ஆம்பியர் அளவுதான். அதுவும் சில மில்லி நொடிகளுக்கே. உறங்கும்போது 1 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. இதனுடன் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் தனி ஏடிமெகா328பி கட்டுப்பாட்டுச் சில்லைச் சேர்த்தால், இங்கே பேசும் தெரிவுகளில் மிகக் குறைந்த மின்சாரம் கேட்பது இதுவாகவே இருக்கும். அதே சில்லைக் கொண்ட முழு அர்டுயினோ ஊனோ போர்டை வைத்தால் அந்த ஆதாயம் போய்விடும். அதன் ரெகுலேட்டரும் யுஎஸ்பி சில்லும் விளக்குமே பேட்டரியைக் காலி செய்துவிடும்.

இதன் தொல்லைகளும் பெயர் பெற்றவை. 3.3 வோல்ட் மின்வழங்கல் சற்றே தள்ளாடினாலும் மாட்யூல் ஊமையாகிவிடும். மின்முனைகளுக்கு மிக அருகில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் பற்றவைத்ததும் பாதிப் புகார்கள் தீர்ந்துவிடுகின்றன. இன்னொன்று, வைஃபை நெரிசலிலிருந்து தப்பிக்க 100க்கு மேற்பட்ட சேனலைப் பரிந்துரைக்கும் பழக்கம். இந்தச் சில்லில் சேனல் எண்ணை 2400உடன் கூட்டினால் அலைவரிசை மெகாஹெர்ட்ஸில் வந்துவிடும். உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க பட்டையோ 2483.5 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது. ஆகவே 100 என்பது வேலிக்கு வெளியே போய் நிற்பதாகும். ரவுட்டர் 11ஆம் சேனலிலோ அதற்குக் கீழோ இருந்தால் 76 முதல் 82 வரையிலான இடமே போதுமான அளவு அமைதியாக இருக்கும்.

வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி8266 சில்லைக் கொண்டு நேரடியாக வைஃபை வழியே, சிறு செய்திகளைப் பரிமாறும் எம்க்யூடிடி முறையில் அனுப்புவது எழுத எளிது. ஆனால் பேட்டரிக்கு அது கொடுமை. ரவுட்டருடன் இணைந்து முகவரி பெற்று அனுப்பி முடிக்க 4 நொடி, சராசரி 80 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், நாளொன்றுக்கு 144 முறைக்கு ஏறத்தாழ 12.8 மில்லி ஆம்பியர்-மணி செலவாகிறது. ஆழ்ந்த உறக்கத்தின் 20 மைக்ரோ ஆம்பியரையும் சேர்த்தால் 2500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு மாதம் தாங்கும். அதே சில்லில், ஈஎஸ்பிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும் ஈஎஸ்பி-நௌ முறையைப் பயன்படுத்தினால் ரவுட்டரோடு இணையும் சடங்கே இல்லை. சென்சார் அளந்து முடிக்க எடுக்கும் 0.75 நொடியையும் சேர்த்து ஒரு நொடி விழித்திருந்தால் போதும். கணக்குப்படி அதே பேட்டரி ஒன்றே முக்கால் ஆண்டுக்கு மேல் வரும். ஒரு செய்தியில் 250 பைட் வரை அனுப்பலாம் என்பதுடன், செய்தி சேர்ந்ததா என்பதும் அனுப்பிய கருவிக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் பெறும் ஈஎஸ்பி அதே நேரத்தில் வைஃபையிலும் இருந்தால், ரவுட்டரின் சேனலிலேயே ஈஎஸ்பி-நௌவும் நடந்தாக வேண்டும். மின்வெட்டுக்குப் பின் ரவுட்டர் தானாகச் சேனலை மாற்றிக்கொண்டால் மாடியில் உள்ள கருவி வெட்டவெளியில் கத்திக்கொண்டிருக்கும். ரவுட்டரின் சேனலை ஒரே எண்ணில் நிறுத்திவைப்பது இதற்கான எளிய வழி.

நெடுந்தூரம் எட்டும் லோரா என்ற கம்பியில்லா முறை தோட்டத்துக் கிணற்றுக்கு ஏற்றது. ஒரு வீட்டின் மாடிப்படிகளுக்கு அது மிகை. வீட்டுக் கருவிகளுக்கான ஜிக்பீ என்ற கம்பியில்லா முறை கடையில் வாங்கும் ஆயத்த சென்சார்களுக்குப் பொருந்தும், கையால் கட்டுபவருக்கு அல்ல.

என் தெரிவு ஈஎஸ்பி-நௌ: கீழே சுவர் மின்சாரத்தில் எப்போதும் விழித்திருக்கும் ஒரு ஈஎஸ்பி, மேலே பேட்டரியில் உறங்கும் இன்னொன்று. ஏடிமெகா328பி போன்ற ஏவிஆர் சில்லுகள் ஏற்கெனவே கைவசம் இருப்பவர்கள் என்ஆர்எஃப் பக்கம் நிற்பதே சரி. ஏவிஆர், ஈஎஸ்பி இரண்டையும் கலந்தால், ஏவிஆரில் சாதாரண முழு எண் 2 பைட், ஈஎஸ்பியில் 4 பைட் என்பதை நினைவில் வைத்து, 16 பிட் என்று அளவை வெளிப்படையாகக் குறித்துவிட வேண்டும். எதைத் தேர்ந்தாலும் அளவீட்டுடன் ஒரு வரிசை எண்ணையும் பேட்டரி வோல்ட்டையும் அனுப்புவது அவசியம். இல்லையேல் திரையில் தெரியும் 52 டிகிரி இன்றையதா நேற்றையதா என்று சொல்ல முடியாது. டிஎஸ்18பி20, மின்சாரம் கிடைத்தபின் முதல் அளவீட்டை முடிக்கும் முன் கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும் வழக்கமுடையது. குளிர்பதனப் பெட்டியில் அந்தப் பொய் உடனே அகப்பட்டுவிடும். நல்ல வெயிலில் காய்ந்த வெந்நீர்த் தொட்டியில் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.